மூச்சுப் பயிற்சிக்கு அடித்த மணி

சும்மா இருங்கள் என்று சொன்னால் உலகத்தில் பாதிப் பேர் சும்மா இருந்துவிடுவார்கள். மீதிப் பேர் சங்கம் ஆரம்பித்துவிடுவார்கள். வறட்சி, வெட்டுக்கிளி, நோய்நொடி எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும், ஊருக்கு அதிகத் தொந்தரவு இந்த இரண்டாவது வகை ஆட்களால்தான் என்பது என் முடிவு. அனுபவத்தில் சொல்கிறேன். நான் செயலாளராக இருந்தவன்.

இப்போது எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிக்கிற வயது. கொரோனா சமயத்தில் எங்களோடு வந்திருந்த என் பேத்தி ஃபோனை ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து ஒரு வாத்தியார் சொல்லச் சொல்லக் கையையும் காலையும் நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். "தாத்தா, வீட்டுக்குள்ளயே பி.டி. பீரியடு! உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இருந்துச்சாவா? அதுல உங்க தாத்தா செத்தே போயிட்டாருடி" என்றாள்.

அந்தக் கதைதான் இது. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் மற்றவர்கள் சொல்கிறபோது அதில் குதிரை, யானை எல்லாம் சேர்ந்துவிடுகிறது. அதனால் நானே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. சேலத்திலிருந்து பிரித்துத் தருமபுரியைத் தனி மாவட்டமாக்கிக் கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர் கடத்தூர் பாதையிலிருந்து உள்ளடங்கி இருக்கும். நிலக்கடலையும் கேழ்வரகும் போடுகிற கத்தோலிக்கக் குடும்பங்கள். நடுவில் ஒரு கோயில். கோயிலுக்கு, ஊருக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாத உயரத்தில் ஒரு மணிக்கூண்டு. (எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கட்டியது. "அந்தச் செலவுல ஒரு ஏரி வெட்டியிருக்கலாம்" என்பது என் அம்மாவின் அபிப்பிராயம்.)

அந்தக் கோயிலைச் சேர்ந்த வாலிபர் சங்கத்துக்கு நான் செயலாளர். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, வேலைக்கு உத்தரவு வரும் வரும் என்று காத்திருந்த நேரம். காத்திருக்கிற ஆளின் கையில் பொறுப்பைக் கொடுக்கவே கூடாது. அவனுக்கு நேரமும் நிறைய, நம்பிக்கையும் நிறைய. சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது, கைப்பந்து, பாட்டுப் பயிற்சி, வருஷத்துக்கு ஒரு நாடகம் என்று ஊரை ஒரு நாள் சும்மா விட்டதில்லை நான்.

அந்த வருஷம் ஆடிக் காற்றோடு ஒரு காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரியில் ஃப்ளூ என்றார்கள். ஊரில் விஷக்காய்ச்சல் என்றார்கள். உடம்பை அடித்துத் துவைத்த மாதிரி வலிக்கும். இருமல் நிற்காது. வீட்டில் ஒருவர் எழுந்தால் இன்னொருவர் படுப்பார். அவருக்குக் கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு ரசம் வைத்தவர் படுப்பார். பக்கத்து ஊர்களில் வயதானவர்கள் சிலர் போயே போய்விட்டார்கள். ஹெல்த் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து கோயில் வாசலில் நின்று சொன்னார்: பள்ளிக்கூடம் கிடையாது, சந்தை கிடையாது, கோயிலில் கூட்டம் கூடாது, கல்யாணம் காட்சி எல்லாம் பிறகு, அவரவர் வீட்டில் அவரவர் இருக்க வேண்டும்.

கல்யாணம் என்று சொன்னபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் மேட்டுப்பட்டி அமலோற்பவத்துக்கும் நிச்சயமாகியிருந்தது. எங்கள் ஊருக்கும் மேட்டுப்பட்டிக்கும் நடுவில் ஒரு கரடு, அதாவது மலையாகவும் ஆகாமல் மேடாகவும் இல்லாமல் நிற்கிற ஒரு பாறைக் குன்று. கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள், இன்னார் இன்னாரைக் கட்டப்போகிறார், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று. எங்களுக்கு ஒரு ஓலைதான் வாசித்திருந்தார்கள். பூசையே நின்றுவிட்டதால் மீதி இரண்டும் நின்றுவிட்டன. மூன்றில் ஒரு பங்கு மாப்பிள்ளையாக நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வாரம் ஊர் அடங்கிக் கிடந்தது. பெரியவர்கள் இருமிக்கொண்டு கிடந்தார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் காய்ச்சல் இரண்டே நாளில் விட்டுவிட்டது. அவர்கள் கூரைமேல் ஏறினார்கள்; கிணற்று மேட்டில் ஓடினார்கள்; படுத்துக்கிடந்த அம்மாக்களின் மேல் தாண்டிக் குதித்தார்கள். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வேலியருகே வந்து, தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தம்பி, நீ சங்கம் வச்சப்ப நாந்தான் ஊரைக் கெடுக்கறான்னு சொன்னேன். மன்னிச்சுக்கோ சாமி. இதுங்களை எதாச்சும் பண்ணு. என்னால முடியல."

போதுமே! இதைக் கேட்டுவிட்டு ஒரு செயலாளர் சும்மா இருக்க முடியுமா?

பங்குச் சாமியாரிடம் போனேன். ஏழெட்டு ஊருக்கு அவர் ஒருவர். காய்ச்சல்காரர்களைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, அப்போதுதான் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே போகக்கூடத் தெம்பில்லை.

"சாமி, சங்கத்து வேலைங்களை வீட்டுக்கு வீடு மாத்திப் பண்ணலாம்னு யோசனைங்க. யாரும் வெளிய வர வேண்டியதில்லை. பிள்ளைங்க வாசலைத் தாண்டாம பாத்துக்கறேனுங்க."

"கூட்டம் கூடாதே?"

"ஒரு ஈ காக்கா கூடாதுங்க."

"என்னவோ செய். எனக்கு இன்னொரு தலைவலி வேண்டாம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதை நான் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் பாடம். நானும் நண்பன் லூர்துவும் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு தெரு நடுவில் நடப்போம். "எட்டேழு எவ்வளவு?" என்று கத்துவேன். வீட்டு வாசல்களிலிருந்து பிள்ளைகள் பதில் கத்த வேண்டும். முதல் வீட்டுப் பையன் என்ன சொல்கிறானோ அதையே தெரு முழுக்கச் சொன்னது. தப்பாக இருந்தாலும் ஒற்றுமையாகச் சொன்னது. அப்புறம் பாட்டு. சாயங்கால மணி அடித்ததும் வீட்டுக்கு வீடு ஒரே மாதாப் பாட்டு என்று ஏற்பாடு. ஒரு வீடு இரண்டாவது சரணத்தில் இருக்கும்போது இன்னொரு வீடு பல்லவியைத் தேடிக்கொண்டிருக்கும். நடுவில் இருமல். கேட்டுக்கொண்டிருந்த லூர்து, "மாதா இந்த ஊருக்குக் காய்ச்சலை ஏன் அனுப்பினாங்கன்னு இப்பப் புரியுது" என்றான். மறுநாள் அவனும் காய்ச்சலில் படுத்துவிட்டான். சங்கம் என்றால் நான் ஒருவன் மட்டும் என்று ஆனது.

ஒற்றை ஆளாகத் தெருவில் கத்திக் கத்தித் தொண்டை போன பிறகுதான் அந்த யோசனை வந்தது. மணிக்கூண்டு!

கோயில் மணி அடிக்கிற ஆரோக்கியமும் காய்ச்சலில் கிடந்ததால் கயிறு என் கைக்கு வந்திருந்தது. கூண்டின் நடுத் தட்டில் நின்று இழுத்தால் ஊரின் எல்லா வாசலும் தெரியும். காலையில் தேகப் பயிற்சி. ஒரு அடி என்றால் நேராக நில். இரண்டு அடி என்றால் கையைத் தூக்கு. மூன்றடி என்றால் குனிந்து காலைத் தொடு. வீட்டுக்கு வீடு போய், வேலிக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் காலை அரைக்கால் சட்டை போட்டு, கழுத்தில் விசில் மாட்டி (மணி அடிக்க விசில் எதற்கு என்று கேட்காதீர்கள்), மேலே ஏறினேன்.

அடித்தேன். கைகள் எழுந்தன.

ஐயோ, அந்தக் காட்சியை எப்படிச் சொல்வேன்! ஒவ்வொரு வாசலிலும் நாலைந்து பிள்ளைகள், ஒரே நேரத்தில் கையைத் தூக்கி, ஒரே நேரத்தில் குனிந்தார்கள். இரண்டு மூன்று நாளில் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கயிற்றுக் கட்டிலில் கிடந்தவர்கள்கூடப் படுத்தபடியே கையைத் தூக்கினார்கள். நான் கயிற்றை இழுத்தால் ஒரு ஊரே குனிகிறது. இந்த மாதிரி ஒரு அதிகாரத்தை இருபத்து மூன்று வயதுப் பையனிடம் யாரும் கொடுக்கக் கூடாது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் என்னை இன்றைக்கும் மரியாதையாகப் பேசியிருப்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரி டாக்டர் இருமல்காரர்களை ஆழமாக மூச்சு இழுத்து விடச் சொன்னதாக யாரோ சொன்னார்கள். உடனே மூச்சுப் பயிற்சி சேர்த்தேன். ஒரு மணி அடித்தால் மூச்சை இழுக்க வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு மணி அடித்தால் விட வேண்டும். மெதுவாக, நிதானமாக, ஒற்றை ஒற்றையாக.

முதல் நாள் சாயங்காலம் அம்மாவிடம் விளக்கினேன். களி கிண்டிக்கொண்டிருந்த அம்மா துடுப்பை நிறுத்தினாள்.

"ஏண்டா, அது சாவு மணியாட்டம் இருக்காது?"

"ஊரெல்லாம் சொல்லியாச்சும்மா. எல்லாருக்கும் தெரியும்."

"ஊருக்குச் சொன்ன. காத்துக்குச் சொன்னியா?"

அம்மாவுக்கு எதிலும் குறை கண்டுபிடிக்கிற பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நல்ல காற்று. கூண்டில் நிற்கவே முடியவில்லை. கயிறு என்னை ஒரு பக்கம் இழுக்க, நான் கயிற்றை ஒரு பக்கம் இழுத்தேன். டங். ஊர் மூச்சை இழுத்தது. டங். ஊர் மூச்சை விட்டது. டங். மார்புகள் ஏறின. டங். இறங்கின. என் எதிர்வீட்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டு, எத்தனையோ நாளுக்குப் பிறகு முகத்தில் ஒரு நிம்மதியோடு நின்றிருந்தாள். இருமல் சத்தமே இல்லை. எனக்குக் கண் கலங்கியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அடித்துக்கொண்டே இருந்தேன். கை மரத்துப்போகும்வரை அடித்தேன்.

கரட்டுக்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மேட்டுப்பட்டியில் கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் முதல் மணியிலேயே நிமிர்ந்துவிட்டார்கள். காய்ச்சல் காலம். எல்லார் காதும் அந்தக் கோயில் மணிமேல்தான். ஒற்றை ஒற்றையாக அடித்தால் சாவு மணி. வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்கவில்லை. ஒரு சாவு இல்லை, இரண்டு என்றார்கள். இன்னும் நிற்கவில்லை. குடும்பத்தோடு போய்விட்டார்கள், வீடு வீடாகச் சுற்றுகிற நம் மாப்பிள்ளை குடும்பமாகத்தான் இருக்கும் என்றார்கள். அதற்கும் பிறகு நிற்கவில்லை. களைக்கொட்டைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓட ஆரம்பித்தார்கள். பாதையில் போன பஸ்காரர்களிடம் யாரோ சொல்ல, செய்தி பஸ் ஏறிக் கடத்தூருக்குப் போனது. அங்கிருந்து கம்பைநல்லூர் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஊரில் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் மிச்சமில்லை.

நான் மேலிருந்து பார்த்தபோது கரட்டின் மேல் ஒரு வரிசை தெரிந்தது. வெள்ளைத் துண்டுகள், அவிழ்ந்த கூந்தல்கள். சாவு ஊர்வலம் என்று புரிந்தது. பாவம், மேட்டுப்பட்டியில் யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, (சத்தியமாகத்தான் சொல்கிறேன்) அவர்களுக்காக ஒரு பரமண்டல மந்திரம் சொன்னேன். மணியை நிறுத்தவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் ஒப்பாரி ஆரம்பித்தது. முன்னால் வந்தவர் ஞானம்மா அத்தை, அமலோற்பவத்தின் அம்மா. மார்பில் அடித்துக்கொண்டு கோயிலை நோக்கி வந்தார்.

"ஓலை வாசிச்ச கோயிலிலே, ஒன்னை ஒறங்க வச்சதாரு? மாலை கட்டும் முன்னாலே, மருமவனே போனதெங்கே?"

மருமவன் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கயிறு நழுவியது. யார் அந்த மருமகன் என்று ஒரு கணம் குழம்பினேன். அந்த வீட்டில் ஒரே பெண்.

படியிறங்கி ஓடினேன். கோயில் வாசலில் அத்தை தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்க, அரைக்கால் சட்டையும் கழுத்தில் விசிலுமாக நான் போய் எதிரில் நின்றேன்.

"அத்தை, அழாதீங்க. யாருங்க போயிட்டாங்க?"

அத்தை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். என் கால்களைப் பார்த்தார். பிசாசுக்கு அரைக்கால் சட்டை இருக்குமா என்று யோசித்திருப்பார் போல. பிறகு அப்படியே மயங்கிச் சாய்ந்தார்.

அதற்குள் ஊர் நிரம்பிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் மூச்சுப் பயிற்சியை அப்படியே விட்டுவிட்டு, உறவுக்காரர்கள் ஏன் அழுதுகொண்டு வருகிறார்கள் என்று தெரியாமல், அழுகிறவர்களைக் கட்டிப்பிடித்துத் தாங்களும் அழுதார்கள். கேட்டுவிட்டு அழுகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. தெருவெல்லாம் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, இருமிக்கொண்டு நின்றார்கள். அந்தக் காய்ச்சல் காலத்தில் தருமபுரி மாவட்டத்தில் அவ்வளவு பேர் அவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் நின்றிருக்க மாட்டார்கள்.

கம்பைநல்லூர் மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி, "எந்தங்கச்சி போச்சே!" என்று கத்திக்கொண்டே எங்கள் வீட்டுக்குள் ஓடினார். உள்ளே அம்மா துடுப்போடு நின்றாள்.

"என்னண்ணா, இந்நேரத்துல? களி சாப்புடறியா?" என்றாள். மாமா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் போதாதென்று ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறையப் பலகை. சவப்பெட்டி செய்கிற ஆசாரி, வாயில் ஆணியோடு இறங்கி, கூட்டத்தில் நிதானமாக நின்ற ஒரே ஆள் என்று நினைத்தோ என்னவோ, என்னிடம் வந்தார்.

"எத்தனை பெட்டிங்க வேணும்? பலகை பத்தலைன்னா பாப்பாரப்பட்டியிலருந்து எடுத்தாரணுங்க."

"ஒண்ணும் வேணாங்க. யாரும் சாவலை."

"அப்புறம் எதுக்குங்க அவ்ளோ நேரம் அடிச்சாங்க?"

"மூச்சுப் பயிற்சிங்க."

ஆசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அளவெடுக்கிற மாதிரி இன்னொரு பார்வை பார்த்தார்.

இந்த நேரத்தில்தான் ஹெல்த் இன்ஸ்பெக்டரின் சைக்கிள் மணி கேட்டது. ஒரு வாரம் இடைவிடாமல் ஊர் ஊராகப் போய் வந்த மனிதர். சட்டை முழுக்கப் புழுதி, கண்ணெல்லாம் சிவப்பு. சைக்கிளை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. சைக்கிளின் மேலேயே குனிந்து நின்றார்.

"யாருய்யா இதுக்கு ஏற்பாடு?" என்றார், மெல்லிய குரலில்.

ஒரு ஊரும் கால் ஊரும் சேர்ந்து என்னைக் கை காட்டியது. அந்தக் கைகளும் ஒரே நேரத்தில்தான் எழுந்தன. நான் கொடுத்த பயிற்சி.

"சார், பிள்ளைங்க வீட்டுலயே இருக்கணும்னுதானுங்க…"

"வீட்டுலயா?" என்று தெருவை இன்னொரு முறை பார்த்தார். "தம்பி, நீ ஒண்ணும் பண்ணாம இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பிறகு எல்லாரையும் அவரவர் ஊருக்குப் போகச் சொல்லி, எங்கள் ஊரிலும் மேட்டுப்பட்டியிலும் இன்னும் கொஞ்ச காலம் யாரும் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்த சாமியார் என்னிடமிருந்து கூண்டின் சாவியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

சிக்கல் அத்தோடு முடியவில்லை. மயக்கம் தெளிந்த அத்தைக்கு அம்மா ரசம் கொடுத்தாள். அத்தையின் வீட்டுக்காரர் சின்னப்பன் மாமா வேண்டாம் என்று தடுத்தார். "எழவுக்குன்னு கெளம்பி வந்த காலுங்க. இந்த வூட்டுல கை நனைக்கக் கூடாது. கல்யாணப் பேச்சையும் இத்தோட நிறுத்திக்கலாங்க. சகுனம் சரியில்லை."

"அவன்தான் உசுரோட இருக்கறானேங்க" என்றாள் அம்மா.

"அதாங்க எனக்கும் வருத்தம்" என்றார் மாமா. வாய் தவறித்தான் சொல்லியிருப்பார். அப்படித்தான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் கரடு ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேலை இன்னும் வரவில்லை. சங்கம் போயிற்று. மணி போயிற்று. இப்போது பெண்ணும் போயிற்று. அன்று சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் வந்தது. கட்டிப்பிடித்து அழுதவர்களில் யார் கொடுத்தார்களோ தெரியாது. உடம்பு நெருப்பாகக் கொதித்தபோதும், எழுந்து வெளியே போக வேண்டியதில்லை என்ற ஒரு நிம்மதி இருந்தது. வேலியருகே பிள்ளைகள் வந்து நின்று, "சார், மூச்சை இழுங்க! சார், மூச்சை வுடுங்க!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். நான் இழுத்தேன், விட்டேன். டாக்டர் சொன்னது உண்மைதான். கொஞ்சம் தேவலையாக இருந்தது.

நான் படுத்திருக்கும்போதே எங்கள் தெருக்கோடி சூசை பெரியப்பா இறந்துபோனார். காய்ச்சலில் இல்லை; அதற்கு முன்பிருந்தே படுக்கையில் கிடந்தவர். மணி அடிக்க வேண்டாம், மறுபடியும் குழப்பம் வரும் என்று சாமியார் தயங்கினார். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "மூச்சு வுடறதுக்கெல்லாம் மணி அடிச்சீங்களே சாமி. மூச்சு நின்ன மனுசனுக்கு அடிக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டாராம். சாமியார் சாவியை எடுத்து, அதற்குள் காய்ச்சல் விட்டு எழுந்திருந்த ஆரோக்கியத்திடம் கொடுத்துவிட்டார்.

டங்.

நான் போர்வையோடு வாசலுக்கு வந்தேன். தெரு முழுக்கப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். மணி நின்றுபோய்ப் பல நாளாகிவிட்ட ஏக்கம் அவர்களுக்கு. நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள்.

டங்.

மூச்சை விட்டார்கள். அம்மாக்கள் வேண்டாம் வேண்டாம் என்று கை காட்டினார்கள். பிள்ளைகள் அதையும் ஒரு பயிற்சி என்று நினைத்துக் கை காட்டினார்கள். அடுத்த மணிக்குப் பழக்க தோஷத்தில் அம்மாக்களும் மூச்சை இழுத்துவிட்டார்கள். தெருக்கோடியில் பெரியம்மா வாசலில் வந்து நின்று இதைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

பெரியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். அழத்தான் செய்தார், ஆனால் சிரிப்பும் கூட வந்துவிட்டது.

"பாரு, இந்த மனுசனால இழுக்க முடியாத மூச்சை ஊரே சேந்து இழுக்குது" என்றார்.

யாரும் கிட்டே போய் ஆறுதல் சொல்லக்கூடாத காலம். அடக்கத்துக்கு வீட்டுக்காரர்கள் மட்டும்தான் போனார்கள். ஆனால் மணி நிற்கும்வரை எங்கள் தெரு அவரவர் வாசலில் நின்று மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. நானும்தான், போர்வைக்குள்ளிருந்து.

காய்ச்சல் காலம் ஒருவழியாக ஓய்ந்தது. பள்ளிக்கூடம் திறந்தார்கள். சந்தை கூடியது. பூசை ஆரம்பமானது. மேட்டுப்பட்டியிலிருந்து மட்டும் ஒரு தகவலும் இல்லை. வேறு இடம் பார்க்கலாமா என்று அம்மா பேச்செடுத்த நேரத்தில், சின்னப்பன் மாமா தானாகவே கரடு இறங்கி வந்தார். உட்காரச் சொன்னோம். உட்காராமல் சொன்னார்.

"எம்பொண்ணு கேக்க மாட்டேங்குதுங்க. வேற எடம் பாக்கறம்மான்னா, 'செத்துட்டாருன்னு ஒரு தடவை அழுது முடிச்சுட்டேன். இனி ஒரு புது ஆளைத் தேடி மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. இந்த ஆளே போதும்'னு சொல்லுது."

ஆசை, காதல் என்றெல்லாம் சொல்வார்கள். எங்கள் கல்யாணம் ஒரு பெண்ணின் அலுப்பால் நடந்தது. மீதி இரண்டு ஓலையும் வாசித்தார்கள். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சாமியார் கேட்டுவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்பதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் காத்திருந்ததாக எனக்கு ஞாபகம். தை மாதத்தில் கல்யாணம். அன்று மணி அடிக்க ஆரோக்கியம் ஏறியபோது, சின்னப்பன் மாமா கூண்டுக்குக் கீழே போய் நின்று, "வேகமா அடிப்பா, வேகமா அடி" என்று கத்திக்கொண்டிருந்தார்.

எனக்கு வேலை கிடைத்தது. பல ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு நான் எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. இப்போது மணியை யாரோ ஒரு பையன் ஸ்விட்ச் போட்டு அடிக்கிறான். ஊரில் வயதானவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதனால் ஒற்றை மணி அடிக்கடி கேட்கிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும், அமலோற்பவம் என்ன வேலையில் இருந்தாலும் அதை அப்படியே நிறுத்திவிட்டு ஒரு குரல் கொடுப்பாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்பேன்.

வெளியூரில் இருக்கிற மகனும் மகளும்கூட ஃபோனில் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்பதில்லை. 'இருக்கீங்களா' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை, மருமகள் எல்லாரும் பழகிக்கொண்டுவிட்டார்கள்.

போன வாரம் மணி அடித்தபோது நான் கொல்லைப்புறத்தில் இருந்தேன். அவள் கூப்பிட்டது காதில் விழவில்லை. இப்போதெல்லாம் கொஞ்சம் மந்தம். திரும்பிப் பார்த்தால் கையெல்லாம் மாவோடு, செருப்புக்கூடப் போடாமல் பின்னால் வந்து நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது.

"கூப்பிட்டா பதில் சொல்றதுக்கென்ன?" என்று எரிந்து விழுந்தாள். மாவுக் கையாலேயே என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.